ஆங்கில வினைக்குத் தமிழ் வேற்றுமை காட்டும் வழி

நம் கல்லூரி மாணவர்கள் ஆங்கிலச் சொற்களை அறியாதவர்கள் அல்லர். பள்ளியில் பத்தாண்டுகளுக்கு மேல் அம்மொழியைப் பாடமாகப் பயின்றே அவர்கள் கல்லூரி வாயிலை மிதிக்கின்றனர். அறிவியல் மாணவர் வாயில் பன்னிரண்டெழுத்துச் சொற்களும் தடையின்றி வருகின்றன. ஆயினும் நாள்தோறும் வழங்கும் ஓர் எளிய தொடரை அமைக்குமிடத்து அவர்கள் நா தயங்குகிறது. அத்தயக்கம் எங்கே நேர்கிறது என உற்று நோக்கினால், பெரிய சொற்களில் அன்று. 'டு', 'ஃபார்', 'ஆன்', 'அட்', 'வித்', 'ஆஃப்' என்னும் மிகச் சிறிய சொற்களில்தான் என்பது புலனாகும். பெயருக்கு முன் வந்து நிற்கும் இச்சிறு சொற்களை நாம் முன்னிடைச்சொற்கள் என்று வழங்குவோம். எந்த வினையோடு எந்த முன்னிடைச்சொல் சேரும், எந்த வினை எதையும் ஏற்காது தனித்து நிற்கும் என்பதே நம் மாணவர்க்குப் பெருஞ்சிக்கலாக இருக்கிறது.

இதைச் சிறு பிழை என்று தள்ளிவிடுவதற்கில்லை. நேர்காணலில், தம் பாடத்தை ஐயமற அறிந்த இளைஞர் ஒருவர், 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' வருமா வாராதா என்னும் ஐயத்தால் விடையையே விழுங்கிவிடுகிறார். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவி, தோழியர் நகைப்பர் என்றஞ்சி மூன்றாண்டும் வாய் திறவாமலே பட்டம் பெற்றுச் செல்கிறார். அறிவின்மையால் வருவதன்று அம்மௌனம். தாம் செய்யும் பிழையின் காரணத்தை எவரும் தமக்கு எடுத்துரைக்காமையால் வருவது. அக்காரணத்தை எடுத்துரைக்கும் கடமை ஆங்கிலத் துறைக்கு மட்டும் உரியதன்று, தமிழ்த் துறைக்கும் உரியது என்பதே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது.

இருவகைக் கருத்துகள்

இப்பொருள் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ஆங்கிலம் கற்கும் வேளையில் தமிழை முற்றும் மறந்துவிட வேண்டும், ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். இலக்கணமே வேண்டுவதில்லை, பேசப் பேச எல்லாம் தாமே வந்துவிடும் என்பார் மற்றொரு சாரார்.

முதற்கருத்து, கேட்பதற்கு நன்றாக இருப்பினும் நடைமுறைக்கு ஒவ்வாதது. தாய்மொழி என்பது கழற்றி வைத்துவிட்டு வகுப்பறைக்குள் நுழைதற்குரிய மிதியடி அன்று. ஒரு வினையைக் கேட்ட அளவிலே அதனோடு சேர்ந்து வரும் உருபும் தமிழ் மாணவன் உள்ளத்தில் எழுந்துவிடுகிறது. அதை அடக்குவது அரிது, அறிந்துகொள்வது எளிது. இரண்டாங்கருத்தில் உண்மை ஓரளவு உண்டு. ஆங்கிலம் பேசும் இல்லத்தில் வளரும் குழந்தை அவ்வாறே கற்கிறது. ஆனால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஆங்கிலம் கேட்டு, எஞ்சிய நேரமெல்லாம் தமிழிலே வாழும் மாணவனுக்கு அவ்வாய்ப்பு ஏது? குறைந்த நேரத்தில் கற்க வேண்டியவனுக்கு வழிகாட்டும் பலகை தேவை. அப்பலகை அவன் வீட்டிலேயே இருக்கிறது. தமிழ் இலக்கணத்தின் வேற்றுமைப் பகுதியே அது.

வேற்றுமையும் முன்னிடைச்சொல்லும்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு என மூன்று இயல்களை இப்பொருளுக்கு ஒதுக்கினார். பெயருக்கும் வினைக்கும் இடையிலுள்ள உறவைக் காட்டுவது வேற்றுமை. 'முருகன் நூல் கொடுத்தான் தம்பி' என்று சொற்களை வாளா அடுக்கினால் பொருள் தெளிவாகாது. 'தம்பிக்கு' என்று உருபு சேர்ந்ததும் கொடுப்பவன், கொள்பவன், கொடைப்பொருள் மூன்றும் விளங்குகின்றன.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இத்தகைய உருபுகள் பெயரின் இறுதியில் ஒட்டி வழங்கின. ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறின. காலப்போக்கில் அவ்வீறுகள் தேய்ந்து மறைந்தன. 'ஹி', 'ஹிம்', 'ஹிஸ்' என்று பதிலிடுபெயர்கள் இன்றும் மாறுவது அப்பழைய நிலையின் எச்சமே. ஈறுகள் செய்த பணியைச் சொற்களின் வரிசைமுறையும் முன்னிடைச்சொற்களும் ஏற்றுக்கொண்டன. ஆகவே, ஆங்கில முன்னிடைச்சொல்லும் நம் வேற்றுமை உருபும் ஒரே தொழிலைச் செய்வன. நம் உருபு பெயரின் பின் ஒட்டி நிற்கிறது. அவர்தம் சொல் பெயரின் முன் தனித்து நிற்கிறது. இடம் வேறு, தொழில் ஒன்று.

இவ்வுண்மையை உணர்ந்ததும் மாணவன் செய்யும் முதற்பிழை ஒன்றுண்டு. ஓர் உருபுக்கு ஒரு முன்னிடைச்சொல் என்று கணக்கிட்டு, 'கு' வந்தால் 'டு', 'இல்' வந்தால் 'இன்' என்று மனப்பாடம் செய்துவிடுகிறான். ஆனால் 'கு' உருபுக்கு நன்னூலார் கூறும் பொருள்களே கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என ஏழு. ஆங்கிலத்தில் அவை ஒரே சொல்லால் எவ்வாறு அமையும்? 'ஊருக்குப் போனான்' என்பதில் 'டு' வருகிறது. 'தம்பிக்குச் சட்டை வாங்கினான்' என்பதில் 'ஃபார்' வருகிறது. 'ஐந்து மணிக்கு வந்தான்' என்பதில் 'அட்' வருகிறது. 'மதுரைக்குத் தெற்கே' என்பதில் 'ஆஃப்' வருகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு எதுவும் வருவதில்லை. 'ஐ ஆம் ஹங்ரி' என்று எழுவாயே முன்வந்துவிடுகிறது. எனவே உருபுக்கு உருபு தேடுவது வழியன்று. வினையைப் பிடித்து, அவ்வினை எதை வேண்டுகிறது என்று நோக்குவதே வழி.

பிழையின் இலக்கணம்

நம் மாணவர் செய்யும் பிழைகளைத் தொகுத்துப் பார்த்தால், அவை மனம்போன போக்கில் எழுந்தவை அல்ல என்பது தெளிவாகும். ஒவ்வொரு பிழையின் பின்னும் ஒரு தமிழ் உருபு நிற்கிறது. அவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை, ஆங்கில வினை ஒன்றும் வேண்டாதிருக்க, நாம் முன்னிடைச்சொல்லைக் கொண்டுவந்து சேர்ப்பது. 'அதைப் பற்றிக் கலந்து பேசினோம்' என்பது தமிழ் வழக்கு. அதில் வரும் 'பற்றி' என்பதே 'டிஸ்கஸ் அபவுட்' என்று ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'வீ டிஸ்கஸ்ட் த ப்ராப்ளம்' என்றாலே போதும். 'பற்றி' என்னும் பொருள் அவ்வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 'சென்னைக்கு வந்து சேர்ந்தான்' என்னும் தொடரின் 'கு' 'ரீச்ட் டு சென்னை' என்று வெளிப்படுகிறது. 'ரீச்ட் சென்னை' என்பதே நேரிது. 'அறைக்குள் நுழைந்தான்' என்பதன் 'உள்' 'என்டர்ட் இன்டு த ரூம்' என்று வருகிறது. அறைக்கு 'என்டர்ட் த ரூம்' போதும், உடன்படிக்கை செய்துகொள்வதற்கே 'என்டர் இன்டு' உரியது. 'கூட்டத்திற்குப் போனேன்' என்பது 'அட்டெண்டட் டு த மீட்டிங்' ஆகிறது. 'அட்டெண்ட்' தனித்து நின்றால் கலந்துகொள்ளுதல். 'அட்டெண்ட் டு' என்றால் நோயாளியையோ பணியையோ கவனித்தல். ஒரு சிறு சொல்லால் பொருளே வேறாகிவிடுவதைக் காண்க.

இரண்டாம் வகை இதற்கு நேர்மாறானது. தமிழில் வினை 'ஐ' உருபை ஏற்று நேரே செயப்படுபொருளைத் தழுவும். ஆங்கில வினையோ இடையில் ஒரு துணையை வேண்டும். 'பாட்டைக் கேள்' என்கிறோம். அதனால் 'லிசன் த சாங்' என்று எழுதிவிடுகிறோம். 'லிசன் டு' என்பதே வழக்கு. 'அவனைப் பார்' என்பது 'லுக் அட் ஹிம்'. 'பெற்றோரைச் சார்ந்திருக்கிறான்' என்பது 'டிபெண்ட்ஸ் ஆன் ஹிஸ் பேரண்ட்ஸ்'. 'பணத்தை வற்புறுத்திக் கேட்டான்' என்பதில் 'இன்சிஸ்டட் ஆன்'. 'எனக்கு விளக்குங்கள்' என்பதிலுள்ள 'கு' இருந்தும், 'கிவ் மீ', 'டெல் மீ' என்பவற்றைப் பார்த்து 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்கின்றனர். 'எக்ஸ்ப்ளெய்ன்' என்னும் வினை 'டு மீ' என்பதையே ஏற்கும். தமிழை நினைத்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய பிழை இது.

மூன்றாம் வகையில் இரு மொழிகளும் துணைச்சொல்லை வேண்டுகின்றன. ஆனால் வேறு வேறு துணையை வேண்டுகின்றன. 'அவன் மேல் கோபம்' என்கிறோம். ஆங்கிலேயர் 'வித்' என்பர், ஒரோவழி 'அட்' என்பர். 'ஆங்ரி ஆன் ஹிம்' என்பது 'மேல்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. 'காய்ச்சலால் வருந்தினான்' என்பது 'சஃபர்ட் பை' ஆகாது. 'சஃபர்ட் ஃப்ரம்' என்றே வரும். 'கணக்கில் வல்லவன்' என்பதற்குப் பெருவழக்கு 'குட் அட் மேத்ஸ்'. 'காப்பியைவிடத் தேநீரை விரும்புகிறேன்' என்பதன் 'விட' நம்மை 'தேன்' என்று சொல்லத் தூண்டும். 'ப்ரிஃபர்' என்னும் வினையோ 'டு' என்பதையே கொள்ளும்.

பெயரானால் உருபும் மாறும்

இவ்விடத்தில் நம் மாணவரைப் பெரிதும் மயக்குவது ஒன்றுண்டு. 'டிஸ்கஸ் அபவுட்' பிழை என்று கற்றவன், 'எ டிஸ்கஷன் அபவுட் எக்ஸாம்ஸ்' என்று நாளிதழில் படித்ததும் திகைக்கிறான். 'ஆன்சர் த கொஸ்டின்' என்பது சரி. 'த ஆன்சர் டு த கொஸ்டின்' என்பதும் சரி. 'ரிக்வெஸ்டட் லீவ்' என்பது சரி. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பதும் சரி. வினையாக நிற்கையில் துணை வேண்டாத சொல், பெயரானதும் துணையை நாடுவது ஏன்?

விடை நம் நாவிலேயே இருக்கிறது. 'தீர்மானத்தை எதிர்த்தனர்' என்கிறோம். ஆனால் 'தீர்மானத்துக்கு எதிர்ப்பு' என்கிறோம். 'விருந்தினரை வரவேற்றனர்' என்கிறோம். 'விருந்தினருக்கு வரவேற்பு' என்கிறோம். 'கவிஞரைப் பாராட்டினர்', 'கவிஞருக்குப் பாராட்டு'. வினை 'ஐ' உருபைக் கொண்டு பொருளை நேரே தழுவியது. அதுவே பெயரானதும் 'ஐ' நீங்கிக் 'கு' வந்து நின்றது. எந்த ஆசிரியரும் நமக்கு இதைக் கற்பிக்கவில்லை. நாம் ஒரு நாளும் இதில் தவறுவதில்லை. ஆங்கிலத்திலும் இஃதே நிகழ்கிறது என்று ஒருமுறை எடுத்துக்காட்டினால், மாணவன் தனித்தனியே மனனம் செய்யத் தேவையின்றிப் பல சொற்களைப் புரிந்துகொள்வான்.

வினையை உருபு ஏற்குமா?

விண்ணப்பங்களின் இறுதியில் 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று எழுதும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. 'டு' வந்தால் அடுத்து வினையடி வர வேண்டும் என்று பள்ளியில் கற்றதே இதற்குக் காரணம். 'ஐ வான்ட் டு மீட் யூ' என்பதில் வரும் 'டு' வேறு. 'லுக் ஃபார்வர்டு டு' என்பதில் வரும் 'டு' வேறு. முன்னது வினையின் அடையாளம், பின்னது முன்னிடைச்சொல். முன்னிடைச்சொல்லுக்குப் பின் பெயரே வர வேண்டும். ஆகவே 'மீட்டிங் யூ' என்று வினை பெயர்த்தன்மை எய்தி நிற்கிறது.

வினைச்சொல் வேற்றுமை கொள்ளாது என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். 'சந்தித்தேனை எதிர்நோக்குகிறேன்' என்று எவரும் சொல்வதில்லை. 'சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்று வினையைப் பெயராக்கிய பின்னரே 'ஐ' உருபைச் சேர்க்கிறோம். 'படிப்பதில் ஆர்வம்', 'வருவதற்கு மறுப்பு', 'பேசுவதால் பயனில்லை' என எங்கும் இவ்விதியே செல்கிறது. இதே நியதியால்தான் ஆங்கிலத்தில் 'ஃபாண்ட் ஆஃப் ரீடிங்', 'இன்சிஸ்டட் ஆன் கோயிங்', 'குட் அட் ஸ்பீக்கிங்' என்று வருகின்றன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடைய நம் இலக்கண மரபின் ஒரு விதி, இன்றைய விண்ணப்பக் கடிதத்தின் பிழையைத் திருத்த வல்லதாயிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

வழக்கே விதி

எந்த வினைக்கு எந்தத் துணை என்பதைத் தருக்கத்தால் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. அச்சத்தைக் குறிக்கும் சொல் ஐந்தாம் வேற்றுமையையும் இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும் என்கிறது தொல்காப்பியம். 'பழியின் அஞ்சும்', 'பழியை அஞ்சும்' என்று வழங்கிய காலம் அது. இன்று நாம் 'பாம்புக்கு அஞ்சினான்' என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். 'பாம்பைக் கண்டு அஞ்சினான்' என்றும் சொல்கிறோம். அஞ்சுதல் என்னும் செயல் மாறவில்லை, உருபு மாறிற்று. ஆங்கிலத்தில் 'ஃபியர்' என்னும் வினைக்குத் துணையில்லை. 'அஃப்ரெய்டு' என்னும் சொல்லுக்கு 'ஆஃப்' துணை.

ஆங்கிலம் பேசுவோருள்ளும் வேறுபாடு உண்டு. 'எனக்குக் கடிதம் எழுது' என்பதற்குப் பிரித்தானியர் 'ரைட் டு மீ' என்பர். அமெரிக்கர் 'ரைட் மீ' என்றும் சொல்வர். எனவே, 'டிஸ்கஸ் அபவுட்' என்று கூறியவனைக் கல்லாதவன் என எள்ளி நகையாடுதல் பண்பாகாது. அவன் தன் தாய்மொழியின் விதியைச் செம்மையாகப் பின்பற்றியிருக்கிறான். மற்ற மொழியின் வழக்கை இன்னும் அறியவில்லை, அவ்வளவே. எனினும், தேர்வும் நேர்காணலும் பொது வழக்கையே எதிர்நோக்குகின்றன. ஆதலின் அவ்வழக்கைக் கற்றுக்கொடாமல் விடுவதும் அவனுக்கு நாம் செய்யும் நன்மையாகாது.

அரபு பயின்றோர்க்கு இச்செய்தி புதிதன்று. 'ரகிப' என்னும் அரபு வினை 'ஃபீ' என்பதோடு சேர்ந்தால் விரும்பினான் என்று பொருள். 'அன்' என்பதோடு சேர்ந்தால் வெறுத்து விலகினான் என்று பொருள். 'தஆ' என்னும் வினை 'ல' சேர்ந்தால் ஒருவர் நலத்துக்காக வேண்டுதலைக் குறிக்கும். 'அலா' சேர்ந்தால் அவருக்கு எதிராக வேண்டுதலைக் குறிக்கும். துணைச்சொல் மாறின் வாழ்த்தே சாபமாகிவிடும். ஆகவேதான் அரபு அகராதிகள் வினையை அதன் துணைச்சொல்லோடு சேர்த்தே பொருள் கூறுகின்றன. அம்முறை ஆங்கிலத்துக்கும் முற்றும் பொருந்தும். 'லிசன்' என்று தனியே கற்றல் அரைக் கல்வி. 'லிசன் டு' என்று கற்றலே முழுக் கல்வி.

கூட்டுவினையில் மயக்கம் வேண்டா

துணைச்சொல் சேர்ந்து வினையின் பொருளையே மாற்றிவிடும் கூட்டுவினைகள் ஆங்கிலத்தில் மிகப் பல. 'லுக் அட்' பார்த்தல். 'லுக் ஃபார்' தேடுதல். 'லுக் ஆஃப்டர்' பேணுதல். 'லுக் இன்டு' ஆராய்தல். 'லுக் டவுன் ஆன்' இழிவாகக் கருதுதல். இவற்றைக் கண்டதும் மாணவர் மலைக்கின்றனர். பார்த்தலுக்கும் பேணுதலுக்கும் என்ன உறவு என்று வினவுகின்றனர்.

நம் 'கொள்' என்னும் வினையை நோக்குக. 'மேற்கொள்' என்றால் ஒரு செயலைத் தொடங்கி நடத்துதல்; 'உட்கொள்' என்றால் உண்ணுதல்; 'எதிர்கொள்' என்றால் முன்சென்று சந்தித்தல்; 'கைக்கொள்' என்றால் கடைப்பிடித்தல். 'விடு' என்பது 'கைவிடு' என்றாகும்போது கையும் இல்லை, விடுதலும் இல்லை; துறத்தல் என்னும் புதுப்பொருளே நிற்கிறது. அதையே ஆங்கிலேயர் 'கிவ் அப்' என்பர். அங்கும் கொடுத்தலும் இல்லை, மேலும் இல்லை. 'பயணம் மேற்கொண்டான்' என்று நாம் 'மேல்' என்பதைச் சேர்க்க, அவர்கள் 'அண்டர்டேக்' என்று 'கீழ்' என்பதைச் சேர்க்கின்றனர். 'மேற்கொள்' என்பதைப் பிரித்துப் பார்த்து எந்தத் தமிழனும் மயங்குவதில்லை. ஒரே சொல்லாகவே ஏற்றுக்கொள்கிறான். 'லுக் ஆஃப்டர்' என்பதையும் அவ்வாறே ஒரு சொல்லாக ஏற்றுக்கொண்டால் மயக்கம் நீங்கும்.

ஜப்பானில் விளைந்த முறை

வினையை அதன் அமைப்போடு கற்பிக்கும் முறை இங்கிலாந்தின் பள்ளிகளில் தோன்றியதன்று என்பது நாம் கருதத்தக்கது. அம்முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் தலைசிறந்தவரான ஹரால்டு பாமர் 1922இல் ஜப்பான் சென்று, அங்கே ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஆராய்ந்தார். அவர் வழியில் உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பியும் துணைவர் இருவரும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. இன்று உலகெங்கும் மாணவர் கையாளும் ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியின் மூலம் அதுவே. 1954இல் ஹார்ன்பி எழுதிய நூலில் ஆங்கில வினைகள் 25 அமைப்புகளில் வகுக்கப்பட்டன.

ஜப்பானிய மொழியிலும் வினை தொடரின் இறுதியில் நிற்கும். வேற்றுமை உறவைக் காட்டும் இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னே வரும். அவ்வகையில் அது தமிழை ஒத்தது. ஆங்கிலேயக் குழந்தைக்குத் தேவைப்படாத இவ்வமைப்புக் கல்வி, மொழியமைப்பில் நம்மையொத்த மாணவர்களின் இடர்ப்பாட்டைக் கண்ட ஆசிரியர்களால் உருவாயிற்று. அவர்கள் மாணவர் பிழையைக் கண்டு நகைக்கவில்லை. அப்பிழையிலிருந்தே ஒரு கல்விமுறையைக் கண்டனர். அம்மனப்பான்மை நமக்கும் வேண்டும்.

செய்யத்தக்கன

இன்றைய நிலை யாது? 'பொருத்தமான முன்னிடைச்சொல்லால் கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று வினாத்தாள் கேட்கிறது. வினையிலிருந்து துணைச்சொல்லைப் பிரித்தெடுத்து அவ்விடத்தில் ஒரு கோடு போட்டுவிடுகிறோம். மாணவனும் ஊகித்து ஒன்றை எழுதுகிறான். ஒரு மதிப்பெண் வருகிறது அல்லது போகிறது. இணைந்தே வாழும் இரண்டைப் பிரித்துவைத்துக் கற்பிக்கும் முறை இது. தமிழ் வகுப்பிலோ, 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று உருபுகளை ஒப்பிக்கச் செய்து அத்துடன் நிறுத்திவிடுகிறோம். தன் வாயில் நாள்தோறும் வழங்கும் தொடர்களில் அவ்வுருபுகள் செய்யும் வேலையை மாணவன் காண்பதேயில்லை. இரு வகுப்புகளுக்கும் இடையே ஒரு சுவர் நிற்கிறது. அச்சுவரில் ஒரு வாயில் அமைக்க நாம் நான்கு செயல்களை முன்மொழிகிறோம்.

முதலாவது, முதலாண்டு மாணவர்க்குத் தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் இணைந்து சில வகுப்புகளை நடத்துதல் வேண்டும். தமிழாசிரியர் ஒரு வினையின் வேற்றுமையை விளக்க, ஆங்கில ஆசிரியர் அதற்கிணையான வினையின் துணைச்சொல்லைக் காட்டலாம். அரபுத் துறையும் உடனிருந்தால் மும்மொழி ஒப்பீடு அமையும்.

இரண்டாவது, அன்றாட வாழ்வில் வழங்கும் இருநூறு வினைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ்த் தொடரும் ஆங்கிலத் தொடரும் எதிரெதிரே அமைய ஒரு கையேடு தொகுத்தல் வேண்டும். அதைத் தொகுக்கும் பணியை மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். தம் பிழையைத் தாமே திரட்டி அதன் காரணத்தைத் தாமே எழுதுவோர் அதை எளிதில் மறவார்.

மூன்றாவது, கற்போர் அகராதி ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒன்று இருத்தல் வேண்டும். பொருளை மட்டும் பார்த்து மூடிவிடாமல், அச்சொல் ஏற்கும் அமைப்பையும் எடுத்துக்காட்டுத் தொடரையும் படிக்கப் பழக்க வேண்டும். சமுதாயப் பெரியோர் கல்விக்கு ஈவதில் என்றும் பின்னிற்பவர் அல்லர். பரிசளிப்பு விழாவில் வழங்கும் கேடயங்களோடு இத்தகைய அகராதிகளையும் வழங்கினால், பயன் நெடுநாள் நிற்கும்.

நான்காவது, நாள்தோறும் பத்து மணித்துளியேனும் நல்ல ஆங்கிலத் தொடர்களை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். ஒப்பீடு காரணத்தை உணர்த்தும். பழக்கத்தை அது தராது. 'டிபெண்ட்' என்றதும் 'ஆன்' தானே நாவில் எழும் நிலை, காதும் வாயும் பழகிய பின்னரே வரும். கைப்பேசியே பிழையைத் திருத்தித் தருகிறதே என்று கூறுவாரும் உளர். எழுத்துக்கு அது துணையாகலாம். எதிரே அமர்ந்து வினவுவாருக்கு விடையிறுக்கும்போது நம் நாவே நமக்குத் துணை.

மாணவச் செல்வங்களே! நீங்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழை உங்கள் அறிவுக் குறைவைக் காட்டுவதன்று. உங்களுள் ஒரு முழுமையான இலக்கணம் உயிரோடு இயங்குவதைக் காட்டுவது. அவ்விலக்கணத்தை நீங்கள் அறிந்து கொண்டால் அது உங்களுக்குத் தடையாக நில்லாது, படியாக அமையும். தமிழை நன்கு கற்பவன் ஆங்கிலத்தை இழப்பான் என்னும் அச்சமும், ஆங்கிலத்தை விரும்புபவன் தமிழைக் கைவிட வேண்டும் என்னும் எண்ணமும் ஒருசேர நீங்குதல் வேண்டும். வேற்றுமையியலைத் தேர்வுக்காக மட்டும் படியாதீர். அடுத்த மொழியின் கதவைத் திறக்கும் திறவுகோலாக எண்ணிப் படியுங்கள். தவறாகவேனும் பேசத் தொடங்குங்கள். ஏன் தவறாயிற்று என்று ஆசிரியரிடம் வினவுங்கள். அவ்வினாவுக்கு விடை கூற ஆங்கிலத் துறையின் வாயில் மட்டுமன்று, தமிழ்த் துறையின் வாயிலும் திறந்திருத்தல் வேண்டும்.